ஒட்டுத் தோலில் ஒரு பிடி

செஞ்சியில் சுமலதா பஸ்ஸை விட்டு இறங்கியபோது பிற்பகல் மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆட்டோ சிறுகடம்பூர் பக்கம் திரும்பியது. மலைப்பாறைகள் நனைந்து கறுத்துக் கிடந்தன.

சென்னை மருத்துவமனை ஒன்றில் அவள் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர். உடம்பில் ஓரிடத்துத் தோலையும் சதையையும் ரத்தக்குழாயோடு எடுத்து, காயம்பட்ட இடத்தில் வைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் முடியைவிட மெல்லிய நூலால் குழாயோடு குழாயைத் தைப்பது அவள் வேலை. அப்படி இடம் மாறிய தோலுக்கு உணர்ச்சி திரும்புகிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அவள் அப்படித் தோல் வைத்துத் தைத்த வளவனுக்கு உணர்ச்சி திரும்ப வழியே இல்லை. லாரி மோதியதில் அவனுடைய இடது முன்கைத் தோல் முழுக்கப் போயிருந்தது. தொடையிலிருந்து எடுத்து வைத்த தோலில் ரத்தம் ஓடியது. நரம்பைத்தான் இணைக்க முடியவில்லை.

ஆனால் அவன் அக்கா விருத்தாம்பாள் போனில் வேறு மாதிரி சொன்னாள். "கைய யாரோ புடிக்கிறாங்கன்றான் டாக்டரம்மா. ஒரு எடத்துல உக்கார மாட்டேன்றான். நீங்களே வந்து ஒருக்கா பாருங்க."

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோதும் உண்மையிலேயே அவன் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். டிவி சத்தமில்லாமல் ஓடியது. ஈரத்துணியும் பழைய மருந்தும் கலந்த வாசனை. மூலையில் அவன் நான்கு வயது மகள் தமிழினி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க வளவன். கண்ணை மூடிக்குங்க. தொட்டா 'ம்' சொல்லுங்க, போதும்."

நுனியில் நைலான் இழை பொருத்திய குச்சியால் ஒட்டிய தோலைத் தொட்டாள். அவன் பேசவில்லை. இன்னொரு இடத்தில் தொட்டாள். அப்போதும் பேசவில்லை. எதிர்பார்த்ததுதான். குச்சியைப் பையில் வைக்கத் திரும்பினாள்.

"ம்."

சுமலதா திரும்பிப் பார்த்தாள். அவன் கண் மூடியே இருந்தது.

"ம்... ம்."

"நான் தொடலையே."

"நீங்க இல்ல," என்றான் மெதுவாக.

அப்போதுதான் அவள் அவன் கையைப் பார்த்தாள்.

தோலை அழுத்தினால் அந்த இடம் வெளுக்கும். விரலை எடுத்ததும் ரத்தம் திரும்பிச் சிவக்கும். ஒட்டிய தோல் உயிரோடு இருக்கிறதா என்று தினமும் அவள் பார்ப்பது அப்படித்தான். இங்கே யாரும் அழுத்தவில்லை. வளவனின் முன்கையில் நான்கு வெளுத்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள்.

கட்டைவிரல்.

ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். உஷ், உஷ் என்று அவன் நாடி கேட்டது. அதற்கு அடியில் இன்னொன்று. மிக மெதுவாக, அவன் நாடியோடு சேராமல்.

விருத்தாம்பாள் தமிழினியை அணைத்தபடி கதவோரம் ஒண்டினாள். "மங்கைதான். அவன் பொண்டாட்டி. வண்டியிலருந்து வுழுந்தப்ப இந்தக் கையத்தான் புடிச்சிருக்கா. உசுரு போயும் விடல. ஆஸ்பத்திரியில விரல ஒவ்வொண்ணா பிரிச்சாங்க. நடுவுல உக்காந்திருந்த கொழந்தைக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல."

வளவனின் நாடிச் சத்தம் தேய்ந்தது. கோடுகளைச் சுற்றித் தோல் நீலம் பாய்ந்தது. குழாய் அடைபடுகிறது. சென்னைக்குக் கொண்டுபோவதற்குள் தோல் செத்துவிடும். பிறகு கையே மிஞ்சாது.

தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"விடச் சொல்லுங்க அவங்களை."

"விட்டா போயிடுவாளே டாக்டரம்மா." அவன் கண்ணைத் திறக்கவில்லை. "இது ஒண்ணுதான் இருக்குது எனக்கு."

"கை போயிடும் வளவன். பாப்பாவை எப்படித் தூக்குவீங்க?"

கருவியில் இப்போது அந்த மெதுவான நாடி மட்டுமே கேட்டது.

"மங்கை," என்று கிசுகிசுத்தான். "விட்டுடுடி."

ஒன்றும் நடக்கவில்லை.

"கொழந்தைய பாத்துக்கணும்டி. விடு."

சுண்டுவிரல் கோடு முதலில் சிவந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. யாரோ மனசில்லாமல் விரல் விரலாகத் தளர்த்துவதுபோல இருந்தது. கட்டைவிரல் தடம் கடைசியில் மறைந்தது. கருவி உஷ், உஷ் என்றது. ஒரே ஒரு நாடி.

சுமலதா மறுபடி இழையால் தொட்டாள். நாலைந்து இடத்தில் தொட்டாள்.

"ஒண்ணுமே தெரியல," என்று சொல்லி வளவன் குலுங்கி அழுதான். விருத்தாம்பாள் குழந்தையை விட்டுவிட்டு ஓடிவந்து தம்பியின் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அவர்களை அழவிட்டு சுமலதா வாசலுக்கு வந்தாள். தெருவில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. கொஞ்சம் தள்ளி, திருவண்ணாமலை போகும் சாலையில் லாரிகள் விரைந்துகொண்டிருந்தன.

அந்தச் சாலையை நோக்கித் தமிழினி நடந்துகொண்டிருந்தாள்.

யாரும் கவனிக்காதபோது வெளியே வந்திருக்கிறாள். தனியாகத்தான் போனாள். ஆனால் இடது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது, பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு போகும் குழந்தைக்குத் தூக்கியிருப்பதுபோல. தண்ணீர் வந்த இடத்தில் அந்தக் கையில் தொங்கி ஒரு குதி குதித்துத் தாண்டினாள்.

"தமிழினி!"

குழந்தை திரும்பிச் சிரித்தாள். நிற்கவில்லை.

சுமலதா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். சாலை விளிம்பில் குழந்தையின் வலது கையை எட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

குழந்தை வரவில்லை.

மறுபக்கத்திலிருந்தும் இழுத்தார்கள். வலிக்காமல், மெல்ல. ஆனால் விடாமல்.