இசக்கித்தாய் விழுங்கிய மாத்திரைகள்

1996 ஜூலை. திங்கள், காலை 9.10.

மஞ்சளாகவே இருந்திருக்க வேண்டிய சோதனைக் குப்பி ரோஜா நிறமாகிவிட்டது. இரண்டு வாரம் வார்டில் படுத்து மருந்து சாப்பிட்டும் இசக்கித்தாயின் இரைப்பையில் கிருமி சாகவில்லை.

பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் ரூமில் சித்ரலேகாவுக்கு வேலை. நுண்ணுயிரியல் பட்டதாரி. ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் படித்து நோய்க்குரிய எண்ணைப் போடுவாள். கிருமியால் வரும் இரைப்பை அழற்சிக்கு ஓர் எண். மருந்தை மறுத்தவர்களுக்கும் ஓர் எண்.

மேனேஜர் அருணாசலம் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி வந்தார்.

"மாத்திரையை முழுங்காம கொட்டியிருக்கா. மறுத்தவங்க நம்பரைப் போடும்மா."

அந்த எண் எஸ்டேட் ஆபீஸுக்குப் போனால், தேயிலை பறிக்கும் இசக்கித்தாய்க்கு இனி எஸ்டேட் செலவில் வைத்தியம் பார்க்கும் சீட்டு கிடையாது.

"டாக்டர் எழுதாம போட மாட்டேன் சார்." அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள்.

"மத்தியானம் அவரே கையெழுத்து போடுவாரு. அப்பவும் போடலைன்னா நாளைக்கு வராதே."

9.40. வார்டு.

"நான் கொட்டுனேனா? கொட்டுதவ எதுக்கு மலையில இருந்து இறங்கி வரணும்? நர்சம்மா கண்ணு முன்னால முழுங்குனேன். ஒண்ணு வெள்ளையா சாக்குக்கட்டி மாதிரி இருந்துச்சு, அதையும் முழுங்குனேன்." இசக்கித்தாய் வாயைப் பிளந்து காட்டினாள். "பாரு தாயி, எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிருக்கேனா?"

சிவந்த, சுத்தமான நாக்கு. அடுத்த கேள்விக்குச் சித்ரலேகாவின் காது மடல் சுட்டது.

"வெளிக்குப் போறது கறுப்பா இருந்துச்சாக்கா?"

"அடி இவளே! கல்யாணமாகாத பிள்ளை கேக்குத கேள்வியா இது? எப்பவும் போலத்தான்."

10.15. மருந்தகம்.

"அந்தக் கிருமிக்குக் குடுக்குற மருந்துல பிஸ்மத் மாத்திரை மட்டும் மதுரையில இருந்து வரணும்," என்றார் மருந்தாளுநர் அசன் மைதீன். "பார்சலை அண்ணாச்சி மேசையில பிரிப்பாங்க. நான் டப்பாவுல வைப்பேன். வார்டுக்குப் பொட்டலமாப் போவும். மூணு இடத்துல கை பட்டிருக்கு, என் கையும் சேத்துத்தான்."

"அண்ணாச்சின்னா மேனேஜரா?"

"அவரேதான். தினமும் வயித்தெரிச்சல் மருந்து கேட்டு இங்கன வந்து நிப்பாரு. ரெண்டு வாரமா ஆளைக் காணோம். வெத்தலையைக் கூட விட்டுட்டாராம். திருந்திட்டாரு போல!"

12.00. டாக்டர் சிவசைலத்தின் அறை.

அருணாசலம் பக்கத்தில் நிற்க, டாக்டர் பேனாவைத் திறந்தார். கூப்பிடாமலே உள்ளே வந்தாள் சித்ரலேகா.

"கையெழுத்து போடாதீங்க டாக்டர். பிஸ்மத், வாயில இருக்கிற கந்தகத்தோட சேர்ந்தா நாக்கு கறுக்கும். மலமும் கறுக்கும். இசக்கித்தாய்க்கு ரெண்டும் இல்லை."

"அவ சாப்பிடலைன்னுதானே நானும் சொல்லுதேன்!" அருணாசலம் கைக்குட்டைக்குள் சிரித்தார்.

"சாப்பிடலை. ஏன்னா அவங்க கைக்கு வந்தது பிஸ்மத்தே இல்லை. வேற ஏதோ வெள்ளை மாத்திரை. பிஸ்மத்தை வேற ஒருத்தர் சாப்பிட்டிருக்கார்." அவள் திரும்பினாள். அருணாசலத்தை நேராகப் பார்த்தாள். கண் நகரவில்லை. "சார், கைக்குட்டையை எடுத்துட்டு நாக்கை நீட்டுங்க."

"ஏட்டி! யார்கிட்ட பேசுதே?" கைக்குட்டையை உதறி எறிந்து கத்தினார்.

டாக்டர் எழுந்துவிட்டார். "அருணாசலம், வாயை மூடாதேயும்."

மேனேஜரின் நாக்கு கரிக்கட்டையாக இருந்தது.

"கால்சியம் மாத்திரைதான் மாத்தி வச்சேன் டாக்டர்... எனக்கு உசிர் போற வலி. மலைக்காரி, அடுத்த பார்சல் வார வரைக்கும் தாங்கிக்கிடுவான்னு..."

சித்ரலேகா கேஸ் ஷீட்டை டாக்டர் பக்கம் நகர்த்தினாள். "நோயாளி மறுக்கவில்லை, மருந்து தரப்படவில்லைன்னு எழுதுங்க டாக்டர். எழுதினாத்தான் எடுத்துட்டுப் போவேன்."

எழுதினார்.

புது மாத்திரை வந்து சில நாள் கழித்து, ரெக்கார்ட் ரூம் வாசலில் நின்று, ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி கூப்பிட்டாள் இசக்கித்தாய். நாக்கை முழுதாக நீட்டிக் காட்டினாள். அட்டக்கறுப்பு.

"கருநாக்கு தாயி! இனி நான் சொன்னா பலிச்சிரும்லா? அந்த மேனேஜரப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?"

"சத்தமாச் சொல்லுங்கக்கா," என்றாள் சித்ரலேகா.