அசையாத கோடு

ஐந்தாவது முறை விழித்தபோதும் வேன் டிரைவர் சுவரோரமாக நகர்ந்துதான் படுத்தார், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விடுவதைப் போல.

தூக்கப் பரிசோதனைக் கூடத்தின் அடுத்த அறையில் திரைக்கு முன்னால் இருந்த டெக்னீஷியன் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொக்கிவிழுகிறவர் அவர். இரவிலோ பத்து நிமிடத்துக்கொரு விழிப்பு. இந்தத் தூக்க நோய்க்காரர்களின் இரவுத் தூக்கம் துண்டுதுண்டாகத்தான் இருக்கும் என்பது ஆறு வருட வேலையில் அவளுக்கு அத்துப்படி. ஏசியின் உறுமல், தலையில் ஒயர் ஒட்டும் பசையின் வாடை, இருட்டிலும் படம் காட்டும் கேமராவின் சாம்பல் வெளிச்சம் எல்லாம் பழகியவைதான். ஆனாலும் இன்றைக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஏம்மா, லைட்டைப் போடேன்."

"என்னண்ணே, பாத்ரூம் போகணுமா?"

"இல்ல. இவன் யாருன்னு பாக்கணும்."

அவள் சிரித்து வைத்தாள். "உங்களைத் தவிர யாருமில்லண்ணே. கனவு பாதியில முழிச்சா அப்படித்தான் தோணும். டாக்டர் சொன்னாருல்ல?"

"கனவா இருந்தா கண்ணுக்குத் தெரியணுமே. இது மூச்சு மட்டும் விடுது." குரல் இறங்கியது. "நான் தூங்கறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு. தூங்க விடாதம்மா. ஏதாவது பேசு."

"சரிண்ணே. உங்க வேன்ல எத்தனை பிள்ளைங்க?"

"பதினாலு. கடைசி சீட்டுல ஒரு வாண்டு, அது பண்ற..."

பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனார்.

திரையில் மூளை அலைகள் நேரே கனவுத் தூக்கத்துக்குள் பாய்ந்தன. தசைகளின் அசைவைக் காட்டும் கோடு தட்டையாகிவிட்டது. கனவில் உடம்பு வெறும் துணிமூட்டை. சுண்டுவிரலைக்கூடத் தூக்க முடியாது.

கேமராவில் அவருடைய வலது கை எழுந்தது.

விரல்கள் தொங்க, யாரோ மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவதைப் போல. கோடு அசையவில்லை. பிறகு தோள். பிறகு முதுகு. தலை பின்னால் தொங்கியது. கோடு அசையவில்லை.

"அண்ணே!" மைக்கில் கத்தினாள். "அண்ணே, எழுந்திரிங்க!"

ஒயர்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்தன. கோடும் மறைந்தது.

ஓடினாள். கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தாள்.

எதிரிலேயே இருந்தார். தலை மார்பில் சரிந்திருந்தது. மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தன. பாதங்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

தொங்கிய கை உயர்ந்தது. அவள் தோளைத் தாண்டி நீண்டது. கதவைச் சாத்தியது.