களவு போன தணிகைக் கீர்த்தனை

1946, ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். மாலை நாலரை மணி.

"திருடன்! ஐயோ, என் பாட்டைப் பாடறான்!"

தணிகை மலையடிவாரத்து மண்டபமே திரும்பிப் பார்த்தது. கத்தியவர் கோதண்டம். கத்தியதோடு நின்றாரா? மேடையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த பட்டணத்துப் பாடகர் ஆனந்தனின் சட்டையையும் பிடித்துவிட்டார். பந்தோபஸ்துக்கு வந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் கங்காதரன் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பாவம் மனுஷன்! தோடி எது, கல்யாணி எது என்று கேட்டால், இரண்டு பேரும் அக்கா தங்கையா என்று திருப்பிக் கேட்கிற ரகம். அவரிடம் வந்து சேர்ந்தது பாட்டுத் திருட்டு வழக்கு.

விலக்கிவிட்டு, கோதண்டத்தைத் தூண் ஓரமாக உட்கார வைத்தார்.

"உங்க பாட்டுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"'தணிகை ஏறி வந்தேன், இனி இறங்கச் சொல்லாதே'. ஒவ்வொரு சொல்லும் நான் வச்சதுங்க!" கோதண்டம் மார்பில் அடித்துக்கொண்டார். அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை.

"விரல் என்னாச்சு?"

"நாடகக் கம்பெனில ஆர்மோனியம் வாசிச்சுகினு இருந்தேங்க. படுதா இழுக்கிற உருளைல மாட்டிகிச்சு. அதோட வாசிப்பு போச்சு. சும்மா இருக்க முடியல, பாட்டு கட்ட ஆரம்பிச்சேன். ஆர்.கே.பேட்டையில நெலம் நீச்சு பார்க்க வேண்டியவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு ஊரே சிரிச்சுது. கட்டினதுல இது ஒண்ணுதான் உருப்படி. இதையும் எடுத்துகினான்."

"யாருக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

"யாருக்கும் இல்லீங்க. இன்னும் மெருகு போட்டுகினு இருக்கேன். எழுதிக்கூட வைக்கல."

"கேட்டது யார்?"

"மச்சான் பரசுராமன், கூட பிடில் வாசிப்பான். அப்பால வீட்டுல சம்சாரம். அவளுக்கு சங்கீதம் தெரியாது."

கங்காதரன் மேடைக்குப் போனார். ஆனந்தன் கசங்கிய சட்டையை நீவிக்கொண்டிருந்தார்.

"நானே கட்டின பாட்டு சார். இந்த ஊர் மண்ணை மிதிச்சதே இன்னைக்குத்தான். ஏழு மணிக்குக் கச்சேரி. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் முன்வரிசையில உட்காரப்போறார். பாட்டு பிடிச்சா நாளைக்கே தட்டுல பதிவாகும். அந்த ஆளை உள்ளே தள்ளுங்க!"

தட்டில் ஏறிவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் கோதண்டம் தலைகீழாக நின்றாலும் அது ஆனந்தன் பாட்டு. கங்காதரனுக்கு அது நன்றாகவே புரிந்தது.

"வேற ஏதாவது ஒண்ணு பாடுங்க. அப்புறம் இதைப் பாடுங்க."

"சார், உங்களுக்கு சங்கீதம்..."

"சுத்தமா தெரியாது. பாடுங்க."

ஆனந்தன் பாடினார். காதில் விழுந்தது ஒன்றும் விளங்காததால் கங்காதரன் வேடிக்கை பார்த்தார். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை. சுற்றி உட்கார்ந்திருந்த ரசிகர்கள் கையும் அப்படியேதான் போனது. இரண்டாவதாகத் தணிகைப் பாட்டு வந்தது. தாளம் அதேதான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஆனால் ஆனந்தனின் விரல்கள் முன்போல எண்ணவில்லை. கங்காதரன் குனிந்து உற்றுப் பார்த்தார். "அட!" என்றார்.

மாலை ஐந்தரை மணி. கங்காதரன் ஆளனுப்பியதும், திருவிழாவுக்கு வந்து சத்திரத்தில் தங்கியிருந்த பரசுராமனும், அவன் அக்காவும் கோதண்டத்தின் சம்சாரமுமான சந்திராவும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பரசுராமனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"போன மாசம் பட்டணம் போனியாமே? ரயில்ல பார்த்தவங்க சொல்றாங்க," என்றார் கங்காதரன்.

"ஆங்... போனேங்க. ரேடியோல வாசிக்க சான்ஸ் கேக்கப் போனேன். பாவாவுக்குத் தெரியாது," என்று அக்கா புருஷனைப் பார்த்தான்.

"நீயா? நீயாடா?" கோதண்டத்தின் குரல் உடைந்தது. "கூடப் பொறந்தவன் மாதிரி வச்சிருந்தேனேடா!"

"சத்தியமா நான் இல்ல பாவா!"

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார். கங்காதரன் கை காட்டி நிறுத்தினார். "பிடில எடு தம்பி. அந்தப் பாட்டை முழுசா வாசி."

பரசுராமன் வாசித்தான். எல்லாரும் அவன் வில்லைப் பார்த்தார்கள். கங்காதரன் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்ற சந்திராவைப் பார்த்தார். அவள் வலது கை, தன்னையறியாமல், இடுப்போரம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வாசிப்பு முடிந்ததும் அவளிடம் வந்தார். "கடைசியா எந்த ஊருக்குப் போனேம்மா?"

"மணவூருங்க. அக்கா பொண்ணு கல்யாணம். இவர் வரலீங்க."

"கல்யாணத்துல பாட்டுக் கச்சேரி யாரு?"

சந்திரா தலையைக் குனிந்துகொண்டாள். மேடையில் ஆனந்தன் எங்கேயோ பார்த்தார்.

கங்காதரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எல்லாரும் சுண்டுவிரல்ல இருந்து எண்ணறாங்க. ஆனந்தனும் மத்த பாட்டுக்கெல்லாம் அப்படித்தான். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் மோதிர விரல்ல இருந்து எண்ணறார். ஊர் உலகத்துல அப்படி எண்ணறவர் யாரு? சுண்டுவிரல் இல்லாதவர்! அவசரமாப் பாடம் பண்ணினதால, வாயோட சேர்ந்து கையும் அப்படியே படிஞ்சிடுச்சு. அப்ப இந்தப் பாட்டு கோதண்டத்தோடதுதான்."

"பரசுராமன்தானே சார் சொல்லிக் குடுத்திருப்பான்?" என்றார் கான்ஸ்டபிள்.

"பிடில்காரனுக்கு ஒரு கைல வில்லு, ஒரு கைல தந்தி. அவன் எந்தக் கையால தாளம் போட்டுக் காட்டுவான்? கோதண்டத்தோட கையைத் தினம் பார்த்து, தாளம்னா இதுதான்னு நம்பினவங்க இன்னொருத்தர் இருக்காங்க. சுண்டுவிரல் இருந்தும் மோதிர விரல்ல தொடங்கறாங்க. இல்லையாம்மா?"

"நான்தாங்க," என்றாள் சந்திரா. அழவில்லை. "மணவூர்ல இவர் பாடக் கேட்டேன். இந்தக் குரல்ல நம்ம பாட்டு வந்தா எப்படியிருக்கும்னு தோணிச்சு. பேரைச் சொல்லித்தான் பாடணும்னு சத்தியம் வாங்கிகினுதான் சொல்லிக் குடுத்தேன். வாக்கு குடுத்துட்டு ஏமாத்திட்டார்."

"பேர் தெரியாதவர் பாட்டுன்னா சபையில எழுந்து போயிடுவாங்க சார்," என்று ஆனந்தன் முணுமுணுத்தார்.

கோதண்டம் பெண்டாட்டியை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "என்னைக் கேக்காம எப்படிக் குடுத்தே?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா? கல்யாணம் ஆன நாளா பார்க்கறேன். மெருகு போட்டு மெருகு போட்டு எத்தனை பாட்டைப் பொட்டியிலயே போட்டு மூடியாச்சு! வயிறு எரியுதுங்க எனக்கு."

கோதண்டம் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கடைசியில், "பாடு," என்றார்.

"இன்னாங்க?"

"நீ அவருக்கு இன்னா சொல்லிக் குடுத்தேன்னு நான் கேக்கணும். பாடு."

சந்திரா பாடினாள். பழகாத குரல், மேலே போகும்போது கொஞ்சம் கரகரத்தது. கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் பாட்டை இன்னொருவர் வாயால் நிம்மதியாகக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அவள் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சிடுச்சு சந்திரா," என்றார். "இதுல இனிமே நான் தொட ஒண்ணுமில்ல." பிறகு ஆனந்தனைப் பார்த்தார். "நீங்களே பாடுங்க. யார் பாட்டு, யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு ரெண்டையும் சொல்லிட்டுப் பாடுங்க."

"சொல்லாட்டி மேடையிலிருந்தே கூட்டிகினு போவேன்," என்றார் கங்காதரன்.

இரவு ஏழே கால். மண்டபத்தில் எள் போட இடமில்லை. ஆனந்தன் கும்பிட்டுவிட்டு, "இந்தக் கீர்த்தனையை இயற்றியவர் ஆர்.கே.பேட்டை கோதண்டம் அவர்கள். எனக்குப் பாடம் சொன்னவர் அவர் சம்சாரம் சந்திரா அம்மாள்," என்றார். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் யார் அவர்கள் என்று திரும்பித் தேடினார். சந்திரா வெட்கத்தில் எழுந்து ஓடப் பார்த்தாள். கோதண்டம், அத்தனை பேர் பார்க்க, அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பாட்டு முடியும் வரை விடவில்லை.