மாரித்தின் கையெழுத்து

வெளியே பனி முழங்காலளவு கிடந்தது. வண்ணத்துப்பூச்சிக் கூடத்துக்குள் புழுக்கம். வாசலில், பார்வையாளர்களின் உடையில் பூச்சி ஒட்டிக்கொண்டு வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும் வெர்னா டோலெஃப்சனிடம், மகளோடு வந்திருந்த ஆரின் ஓடி வந்தார். வெர்னா முன்பு ஷெரிஃப் அலுவலகத்தில் துப்பறிவாளராக இருந்தவர்.

ஆரின் ஒரு சிறு அட்டையை நீட்டினார். "இது என் பொண்டாட்டி மாரித்தோட கையெழுத்து. தேதி போன வியாழக்கிழமை!"

மாரித் இங்கேதான் பூச்சிகளைப் பராமரித்து வந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் போன படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஏரி அவளைத் திருப்பித் தரவில்லை.

டிக்கெட் கொடுக்கும் டுவேன் எட்டிப் பார்த்துத் துள்ளினான். "அப்பட்டமா அவங்க எழுத்து! வெர்னா, மாரித் உயிரோடதான் இருக்காங்க. ஒளிஞ்சு வாழுறாங்க!"

ஆரின் சுற்றிலும் பார்த்தார். அந்தக் கூடமெங்கும் அவள் நடமாடுவதுபோல் இலைகள் அசைந்தன.

"சும்மா இரு டுவேன்," என்றார் வெர்னா. "ஆரின், இது எங்க இருந்துச்சு?"

"பூச்சி பொரியுற கண்ணாடி அலமாரிக்கு வெளிய, பெயரட்டை சொருகுற கீழ் வரிசையில. குனிஞ்சுதான் எடுத்தேன்."

"மாரித் எந்தக் கையால எழுதுவாங்க?"

"இடது கை."

டுவேன் மேசை அறையிலிருந்து மாரித்தின் பழைய அட்டை ஒன்றைத் தேடி எடுத்து வந்தான். எழுத எழுதக் கை உரசி, அதில் மை இழுபட்டிருந்தது. புதிய அட்டையில் ஒரு தீற்றல்கூட இல்லை.

"இது வலது கை எழுத்து," என்ற வெர்னா அட்டையை டுவேன் பக்கம் திருப்பினார். "இதைப் படி டுவேன்."

"'நீல மார்ஃபோ, நாற்பது பட்டுக்கூடு'... அய்யய்யோ! பட்டுக்கூடு அந்துப்பூச்சிக்குத்தான். மார்ஃபோ மாதிரி வண்ணத்துப்பூச்சிக்குக் கூட்டுப்புழுன்னு சொல்லணும். தப்பாச் சொன்னா மாரித் கடிச்சுக் குதறிடுவாங்களே!"

"எழுத்து மட்டும் அச்சு அசல். தொழில் தெரியாது, வலது கை, கீழ் வரிசைதான் எட்டும். மாரித் எழுதின நோட்டைப் பாத்துப் பழக முடியுற வீட்டுல வளர்ற ஆள்." வெர்னாவின் குரல் தணிந்தது. "ஆரின், உங்க பொண்ணு எங்க?"

பத்து வயது டாக்னி அலமாரியின் முன் உட்கார்ந்திருந்தாள். வலது கைவிரலில் நீல மை. அப்பா கேட்பதற்குள் கீழ் வரிசையிலிருந்து எடுத்து ஒளித்திருந்த அச்சடித்த அட்டையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"அட்டையெல்லாம் மெஷின் எழுத்தா மாத்திட்டாங்கப்பா. அம்மா எழுத்து ஒண்ணாவது இருக்கட்டும்னுதான். பேரு, எண்ணிக்கை, தேதி இந்த அட்டையைப் பாத்து எழுதினேன்; பட்டுக்கூடுன்னு நானாப் போட்டேன்."

ஆரின் ஈரத் தரையில் மண்டியிட்டார். இரண்டு வருடமாக நாக்கில் ஏறாத வார்த்தையை எப்படியோ சொன்னார்.

"அம்மா இனிமே வரமாட்டா, டாக்னி."

"எனக்குத் தெரியும்பா. உங்களுக்குத்தான் தெரியல. அம்மா பூட்ஸை இன்னும் வாசல்லயே வச்சிருக்கீங்க."

டுவேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெர்னா ஆரினின் தோளில் இருந்த பூச்சியை மெல்ல எடுத்துவிட்டார்.

அன்று மாலை, இருட்டுவதற்கு முன்பே வீடு சேர்ந்தார்கள். ஆரின் அந்த பூட்ஸில் உறைந்திருந்த பனியைத் தட்டி, உள்ளே எடுத்துப் போனார். வெறும் வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற டாக்னி, பிறகு கதவைச் சாத்தினாள்.