பங்கு பிரியும் சுவர்

குருநாதன் வீட்டுக் கிழக்குச் சுவர் ஒரே வாரத்தில் பாதியாக இளைத்துவிட்டது. கொல்லையிலோ யாரும் கட்டாத புதுச்சுவர் ஒன்று முழங்கால் உயரம் எழுந்து நின்றது.

"வீடு பங்கு பிரியுதுப்பா!" என்று கத்தினான் மகன் சேரலாதன்.

அந்த ஊரில் இப்போது மணற்கூடன்தான் கொத்தனார். குளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒற்றைச்செல் பிராணி. மணலை விழுங்கி, தன் பசையால் ஒட்டி, உடம்பைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். அதைக் கடுகளவுக்கு வளர்த்து, கோடிக்கணக்கில் ஒட்டவைத்தால் சுவர். மணல்தண்ணீர் ஊற்றினால் போதும், விரிசலைக்கூட அதுவே அடைத்துக்கொள்ளும்.

சுவர்ப் பராமரிப்பு நிலையத்திலிருந்து வந்தவள் குருநாதனின் மகள் அல்லி. புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு கொல்லைப்பக்க அறையைப் போன மாதம் கேட்டவள். "கட்டிக்கொடுத்தாச்சு, இனி உனக்கு இங்கே என்ன?" என்று, பங்கு வேண்டாமெனக் கையெழுத்தும் வாங்கி அனுப்பியிருந்தார்கள் அப்பாவும் அண்ணனும்.

அல்லி சுவரைத் தடவினாள். "ஒவ்வொண்ணும் ரெண்டாப் பிரியுது. பிரியறப்போ தாய், மகளுக்கு மணல் கொடுத்தனுப்பும். அதுலதான் மகள் வீடு கட்டும். கொல்லையில எழும்பறது அதுதான்."

"கொடுக்காம இருக்க மருந்து இருக்காமே?" என்றான் சேரலாதன்.

"இருக்குண்ணே. கொடாமருந்து. எல்லா வீட்லயும் அதைத்தான் கேக்கறாங்க."

குருநாதன் வேறெங்கோ பார்த்தார். "போடும்மா."

"இதையும் நானே செய்யணும், இல்லையாப்பா?" என்றபடி ஊற்றினாள்.

மறுநாள் அவள் சோதிக்க வந்தபோது சுவர் இளைப்பது நின்றிருந்தது. சேரலாதனுக்கு ஒரே கொண்டாட்டம். சுவரடியில் மட்டும், ஊறிய ஜவ்வரிசி மாதிரி, ஓடில்லாப் பிஞ்சுகள் வெயிலில் சுருங்கிக் கிடந்தன. குருநாதன் குத்துக்காலிட்டு அவற்றின்மேல் மணலைத் தூவிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட அசையவில்லை.

"ஏம்மா எடுக்க மாட்டேங்குது?"

"பிரியறப்போவே கொடுத்திருக்கணும்ப்பா. அப்புறம் கொட்டினா அதுக்கு எடுக்கத் தெரியாது."

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐயோ, பெற்றவன் செய்கிற காரியமா இது?

"அல்லி... கொல்லை அறையில வந்து இரும்மா."

"எனக்கு வேற இடம் கிடைச்சிருச்சுப்பா." அவள் மருந்துப் பெட்டியை மூடினாள். "நீங்க கூரையைப் பார்த்துக்குங்க. இந்தச் சுவர்ல இருக்கிறதெல்லாம் வயசானது. இதுங்க போயிட்டா, தாங்கிப் பிடிக்க இளசு ஒண்ணுகூட இல்ல."

குருநாதனால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.