குழாய்க்குள் ஒரு கை

அந்த மரப்பெட்டி அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் வந்து இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓர் அலுமினியக் குழாய். வெளிநாட்டில் துகள்களை வட்டமாக ஓடவிடும் பெரிய வளையத்தின் ஒரு துண்டு, திரும்பி வந்திருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அதைத் துடைத்து அனுப்பியவள் ஜெயசீலிதான். அப்போது அவளுடைய செலின் உயிரோடு இருந்தாள். ஐந்து வயசு. அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே திரிகிற பிள்ளை. பள்ளி விடுமுறையென்று கூட வந்தவள், அம்மா அசந்த நேரத்தில் குழாய்க்குள் கையை விட்டுவிட்டாள். உள்ளே வெறுங்கை படக்கூடாது என்பது பட்டறைச் சட்டம். ஜெயசீலி பிள்ளையின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். கைத்தடத்தை யாருக்கும் தெரியாமல் துடைத்து அனுப்பினாள்.

அந்த வாரமே மூளைக்காய்ச்சல் செலினைக் கொண்டுபோய்விட்டது. பாவி, நான் கடைசியாகக் கொடுத்தது அடியா என்று ஜெயசீலி அழாத நாளில்லை.

"இன்னா சார் கோளாறு?" திரும்பி வந்த குழாயைப் பார்த்துக் கேட்டாள்.

மேற்பார்வையாளர் சம்பத் பெருமூச்சு விட்டார். "முன்னால ஓடுற துகளால குழா சுவத்துலேர்ந்து எலக்ட்ரான் உதிருதும்மா. அது மேகமாட்டம் தங்கிக்கினு, பின்னால வர்ற துகள ஆட்டுது. இந்தத் துண்டுல மட்டும் அடங்கவே மாட்டேங்குதாம். உள்ள அழுக்கு கீதான்னு பாரு."

துப்புரவு அறைக்குள் போய்க் கையுறை மாட்டினாள். கரண்ட் போனது. காற்றை உறிஞ்சும் பம்பு ஓய்ந்தது. கூரைத் தகரத்தில் மழை மட்டும் கேட்டது. டார்ச்சை உள்ளே அடித்தாள்.

ஐந்து சின்ன விரல்களின் தடம்.

அன்று தன் கையாலேயே துடைத்தது.

ஸ்பிரிட் நெடியை மீறித் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. செலினுக்குத் தலைவாரிவிட்ட காலையின் வாசம்.

"அடிச்சிட்டேன்னு கோவமாடி?" என்று கிசுகிசுத்தாள்.

துடைக்க மனசு வரவில்லை. பிள்ளை விட்டுப்போனது உலகத்தில் இது ஒன்றுதான். துடைக்காவிட்டால் வேலை போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு துடைத்தாள். மீண்டும் வெளிச்சம் அடித்தாள்.

தடம் அங்கேயே இருந்தது.

ஆனால் விரல்கள் நீண்டிருந்தன.

எட்டு வயசுக் கை.

இருந்திருந்தால் இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பாள். ஜெயசீலி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையை உள்ளே நீட்டினாள்.

"அழுக்கு போச்சாம்மா?" கதவுக்கு வெளியே சம்பத்தின் குரல்.

"போவல சார்."

இருட்டுக்குள் ஏதோ ஒன்று அவள் சுண்டுவிரலை இறுகப் பற்றியிருந்தது.