கறிக்கடை விளக்கு

முந்தின நாள் சாயங்காலம் ஆட்டுத் தொடையில் தான் போட்ட வெட்டைக் காலையில் காணோம். கசாப்புக்காரர் விரலால் தடவித் தேடினார். எலும்பு தட்டும் வரை கத்தியை இறக்கிய பிறகு, வாங்க வந்தவள் வேண்டாமென்று போய்விட்டதால் அப்படியே விட்ட வெட்டு அது. இப்போது அந்த இடத்தில் சதை வழவழவென்று மூடிக் கிடந்தது. தழும்புகூட இல்லை. கையை எடுத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. கறி வெதுவெதுப்பாக இருந்தது.

கடைக்குப் புதிதாக வந்தது விளக்கு ஒன்றுதான். கறிக்கு எதிரி ஈ என்று சனங்கள் நினைக்கிறார்கள். வெளிச்சமும்தான். வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் தொங்கவிட்டால் சிவப்பு செத்துப் பழுப்பேறிவிடும், வருகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். அதனால் இந்தத் தொழிலில் சிவப்பு விளக்கு போட்டு மறைப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஏமாற்று. பழைய விளக்கு போனதும், கடையில் கூட நிற்கிற மனைவியின் தம்பி, மூடிப்போன ஏதோ ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். கண்ணாடித் தட்டில் உயிரணுக்களை வளர்த்து அவற்றுக்குக் காட்டிய விளக்காம். சில வெளிச்சம் உயிரணுவைக் கொல்லுமாம், சிலது உசுப்பிவிடுமாம். இது எந்த வகை என்று கேட்டதற்கு, கொடுத்தவனுக்கே தெரியாது என்று சிரித்தான். அவர் அந்தச் சிரிப்பை நம்பவில்லை. விளக்கையும் நம்பவில்லை. ஆனால் ராத்திரியும் அணைக்காமல் விட்டால் கறி நாள் கணக்கில் பழுப்பேறாமல் நின்றது, வாயை மூடிக்கொண்டார்.

மச்சான் வந்ததும் விளக்கைக் கழற்றச் சொன்னார். அவன் தன் விரலை நீட்டினான். கத்தி பட்டுத் துணி சுற்றியிருந்த விரலில் இப்போது சுவடே இல்லை. விளக்கடியில் பிடித்தானாம்.

"இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம் மாமா. கடையிலயே டாக்டர் தொங்குறாரு."

"தொங்குறது செத்த ஆடுடா. அதுக்கும் புண் ஆறுதே, அதுக்கு என்ன சொல்ற?"

மத்தியானம் ஷட்டரை இறக்கினார். அந்த ஆட்டை இறக்கிக் குழியில் போடு, விளக்கை நான் உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் பின்பக்கம் கத்தி கழுவப் போனார். குழாயை மூடியபோது விளக்கின் ரீங்காரம் கேட்டது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம், ஈரத்துணியை ஈரத்துணியோடு ஒட்டி எடுப்பது போல, மெதுவாக, விட்டு விட்டு. கடையில் ரத்த வாடை இல்லை. பட்டியில் நெருக்கி நிற்கும் ஆட்டின் வாடை அடித்தது. மூச்சின் வாடை.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்க."

சின்னப் பிள்ளையின் குரலில் கூப்பிட்டான். ஆட்டை இறக்கும்போது கொக்கி உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. கொக்கியை விட்டு வராத ஆட்டைக் கிழிந்த கையோடு கட்டிப் பிடித்திருக்கிறான். இப்போது மணிக்கட்டு வரை விலாவுக்குள் இருந்தது. உள்ளே போன ஓட்டை எதுவும் இல்லை. அவன் தோலும் ஆட்டின் சதையும் ஒரே பரப்பு.

இழுத்தார். அலறினான். கத்தியால் இடையில் கீறினார். கத்தியின் பின்னாலேயே வெட்டு மூடிக்கொண்டு வந்தது.

விளக்கை அணைத்தார். ஷட்டர் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் நாற்றம் எழுந்தது. இத்தனை நாள் அழுகாமல் நின்ற கறி மொத்தமாக அழுகத் தொடங்கியது. மச்சானின் கதறலில் வார்த்தை இல்லை. தொட்டுப் பார்த்தார். அவன் மணிக்கட்டு கொழகொழத்தது. அழுகல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா வீட்டில் சோறு வைத்துக் காத்திருக்கிறாள்.

துண்டை அவன் வாயில் திணித்தார். முழங்கையைத் தடவினார். மூட்டு எங்கே என்று பார்க்க அவருக்குக் கண் தேவையில்லை. ஓங்கினார். முதல் வெட்டு எலும்பில் வழுக்கி அவருடைய இடது மணிக்கட்டைக் கீறியது. மறுபடி. ரத்தம் முகத்தில் அடித்தது. மறுபடி. நரம்பு அறுந்தது. அவன் தரையில் விழுந்தான்.

ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. விளக்கைப் போட்டார்.

வெட்டிய முழங்கை அவர் கண் முன்னால் கூம்பி மூடியது. மச்சானின் நெஞ்சு ஏறி இறங்கியது. உயிர் இருந்தது. அவனைத் தூக்கக் குனிந்தவர், பிடிமானத்துக்கு இடது கையைப் பின்னால் நீட்டினார்.

ஏதோ பிடித்தது.

திரும்பினார். ஆட்டின் விலாவில் நீட்டிக்கொண்டிருந்த மச்சானின் கையில், வெட்டிய முனையில் புது விரல்கள் முளைத்து அவருடைய இடது மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. கீறிய இடத்தின் மேலேயே. இழுத்தார். வரவில்லை. விரல் எங்கே முடிகிறது, தன் தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சுவிட்ச் எட்டவில்லை. கத்தி அதற்கும் அப்பால்.

தரையில் மச்சான் வாயிலிருந்த துண்டைத் துப்பினான். கண்ணைத் திறக்கவில்லை.

"மாமா, என் கையில உங்க நாடி துடிக்குது."

கொக்கி கிரீச்சிட்டது. தலையில்லாத ஆட்டின் விலா மெல்ல விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.